ஒரு பல் பின்னால்

தேர்ந்த லாரி டிரைவர் வண்டியில் ஏறியதும் சாவியைத் தொடமாட்டார், இருக்கையைத்தான் தொடுவார். வேறொருவர் ஓட்டிவிட்டு இறங்கிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இடுப்பைப் பின்னால் தள்ளி முதுகோடு ஒட்ட உட்கார்வார். கை இருக்கைக்கு அடியில் போய் எதையோ துழாவும். உடம்பு இரண்டு விரற்கடை முன்னே நகரும். கிளட்சை அடிவரை ஒருமுறை மிதித்துப் பார்ப்பார். சாய்ந்து பார்த்து, திருப்தி இல்லாமல் சாய்மானத்தை ஒரு பல் பின்னால் விடுவார். கண்ணாடிகளைத் திருப்புவது எல்லாவற்றுக்கும் கடைசியில். தூத்துக்குடித் துறைமுகத்தின் கிரீன் கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசை பிடித்து நிற்கும் நேரத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால், ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் காரியத்தைக் கேபின் கேபினாகப் பார்க்கலாம். ஆளுக்கு ஆள் அளவு மாறும். கைதேர்ந்தவர்களிடம் வரிசை மட்டும் மாறுவதில்லை.

வரிசைக்குக் காரணம் உண்டு. இருக்கையில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடும். உயரத்தை ஏற்றினால் பாதம் மிதியைவிட்டு விலகும். எட்டவேண்டும் என்று முன்னே தள்ளினால் ஸ்டியரிங் வயிற்றுக்கு வந்துவிடும். அதற்காக முதுகைச் சாய்த்தால் கண் இறங்கும். கண் இறங்கினால் கண்ணாடியில் டிரெய்லரின் கடைசிச் சக்கரம் காணாமல் போகும். ஆகவே உயரம், பிறகு முன்பின், அதற்குப் பிறகு சாய்மானம், கடைசியில் கண்ணாடி. முடித்தபின் முதலிலிருந்து இன்னொரு சுற்று, இம்முறை மயிரிழை அளவில். வண்டியை வடிவமைக்கிற பொறியாளர்களும் இடுப்பு மூட்டில்தான் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். உட்கார்ந்த மனிதனின் தொடையும் உடலும் மடிகிற புள்ளியைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து கண்ணுக்கும் கைக்கும் பாதத்துக்கும் கோடு இழுக்கிறார்கள். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதற்கென்றே எடையும் மூட்டும் உள்ள ஒரு பொம்மையை இருக்கையில் உட்காரவைத்து அளக்கிறார்கள். நம் டிரைவர் இடுப்பைத் தள்ளி ஒட்ட உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பதும் இதே கணக்குத்தான். பொம்மைக்குப் பதில் சொந்த உடம்பு, அவ்வளவே.

உயரம் என்பது கண்ணுக்கும் காலுக்கும் நடக்கிற வழக்கு. கண் மேலே போகச் சொல்லும். உயர உட்கார்ந்தால் பம்பருக்கு முன்னால் குனிந்து போகும் சைக்கிள்காரர் தெரிவார், இடது பக்கம் நுழைகிற பைக் தெரியும். கால் கீழே வரச் சொல்லும். குதிகால் தரையில் ஊன்றாவிட்டால் ஆக்சிலேட்டரை அந்தரத்தில் நின்று மிதிக்க வேண்டும். கோவில்பட்டி போவதற்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். தொடையின் அடிப்பக்கம் இருக்கையின் முன்விளிம்பில் அழுந்தினால் கால் மரத்துப்போகும். சரி, தாழ்ந்தே உட்காரலாம் என்றால் முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறி, வயிறு மடிந்து, முதுகு வில்லாக வளைகிறது. இடுப்பு முழங்காலைவிட ஒரு பொடி உயரத்தில், தொடை முன்பக்கம் லேசாகச் சரிந்து, குதிகால் ஊன்றியபடி நிற்கிற ஓர் இடம் இருக்கிறது. பல இருக்கைகளில் மொத்த ஏற்ற இறக்கமே ஆறேழு சென்டிமீட்டர்தான். அதற்குள் தனக்கான இடத்தைக் கண்டுபிடிக்கிறார் மனிதர்.

கண்டுபிடித்த இடமும் நிலையானதல்ல என்பதைத் தூத்துக்குடியில்தான் தெரிந்துகொண்டேன். துறைமுகத்துக்குள் வேகம் கிடையாது, பின்னோக்கம்தான் அதிகம். நாற்பது அடி கன்டெய்னரோடு டிரெய்லரைக் கிரேனுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முன்வண்டி ஒரு பக்கம் மடிந்தால் பின்வண்டி மறுபக்கம் போகும். கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, திரும்பி, மறுபடி கண்ணாடியைப் பார்த்து, அங்குலம் அங்குலமாக ஒதுக்க வேண்டும். அங்கே நிமிர்ந்த முதுகும் உயர்ந்த இருக்கையும் வேண்டும். திருப்பூர்ச் சரக்கு வந்த வண்டியில் பருத்தியோ பழைய பேப்பரோ ஏற்றிக்கொண்டு மதுரைச் சாலையைப் பிடித்துவிட்டால் கதை வேறு. திரும்பிப் பார்ப்பது எப்போதாவதுதான். அசையாமல் உட்கார்ந்திருப்பதே வேலை. பெட்டி வண்டி ஓட்டும் மூத்த டிரைவர் ஒருவர் சொன்னார்: "உள்ள ஓட்டும்போது நிமிந்துதான் உக்காரணும் அண்ணாச்சி, பொறத்தால பாக்கதுதான வேல. ரோட்டுக்கு வந்த பெறவும் அப்படியே உக்காந்தியள்னா மருதைக்குப் போறதுக்குள்ள கழுத்து கல்லாப் போயிரும்." அவர் புதூர்பாண்டியாபுரம் டோல்கேட்டில் வரிசை நகர்கிற இடைவெளியில் இருக்கையை மாற்றிக்கொள்வாராம். கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒரு பல் சாய்த்து.

இதில் இன்னும் நுணுக்கமான ஒன்றையும் அவர் காட்டிக்கொடுத்தார். துறைமுகத்துக்குள் ஹெல்மெட், ஒளிரும் சட்டை, தடித்த அடி வைத்த ஷூ. வெளியே வந்ததும் ஷூ கழன்றுவிடும். வெறுங்காலோடு ஓட்டினால்தான் மிதியின் மனசு தெரியும் என்பது பழைய கைகளின் நம்பிக்கை. அந்த ஷூவின் அடி கிட்டத்தட்ட ஓர் அங்குலம். ஆக, ஷூவைக் கழற்றிய மாத்திரத்தில் காலின் நீளம் ஓர் அங்குலம் குறைந்துவிட்டது, இருக்கையின் உயரமும் தப்பாகிவிட்டது. டோல்கேட்டில் அவர் இருக்கையை இறக்குவதில் பாதி சாலைக்காக, மீதி ஷூவுக்காக. எந்தக் கையேட்டிலும் இதை நான் படித்ததில்லை.

இருக்கையின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். பக்கத்திலேயே சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் 50 முதல் 130 வரை எண்கள். பலர் இதை உயரத் திருகு என்று நினைத்துத் திருகுகிறார்கள், திருகினால் கொஞ்சம் உயரவும் செய்கிறது, அதனால் நினைப்பு உறுதிப்படுகிறது. உண்மையில் அது ஆளின் எடைக்கான திருகு. இருக்கைக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி மடியும் இரண்டு ஜோடிச் சட்டங்கள், அவற்றைத் தாங்க ஒரு ஸ்பிரிங், அது துள்ளாமல் பிடித்துக்கொள்ள ஒரு டேம்பர். உட்கார்ந்தவரின் எடைக்குச் சரியாக ஸ்பிரிங்கை இறுக்கினால் சட்டங்கள் பாதி மடிந்து நடுவாந்திரத்தில் நிற்கும்; மேலேயும் கீழேயும் சம இடம் இருக்கும். அறுபது கிலோ ஆள் நூறு கிலோவுக்கு வைத்த இருக்கையில் உட்கார்ந்தால் அது உச்சியிலேயே நின்றுகொள்ளும், ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி. நூறு கிலோ ஆள் அறுபதுக்கு வைத்ததில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் 'டங்'கென்று அடியில் இடிக்கும், அந்த இடி நேராக முதுகெலும்பின் அடிக்கட்டுக்குப் போகும். காற்று இருக்கையில் இந்தத் தொல்லை இல்லை. ஆள் உட்கார்ந்ததும் 'உஸ்' என்று தானே காற்றை ஏற்றியோ இறக்கியோ நடுவுக்கு வந்து நின்றுகொள்ளும். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அலுக்காது.

நடுவில் நிற்பதில் என்ன இருக்கிறது? உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஒரு சொந்தத் தாளம் உண்டு. மேலும் கீழுமாக நொடிக்கு நான்கு முதல் ஆறு தடவை குலுக்கினால் குடலும் முதுகும் அந்தக் குலுக்கலோடு சேர்ந்துகொண்டு அதைப் பெரிதாக்கும். வெறும் மெத்தை வைத்த இருக்கையும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஆடுகிறது. அதனால்தான் பஞ்சுபோல் இருக்கிற மெத்தை கூட இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு எதிரியாகிவிடுகிறது. குலுக்கலைத் தடுப்பதற்குப் பதில் கூட்டிக் கொடுக்கிறது. ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்து இருக்கையின் சொந்த ஆட்டத்தை நொடிக்கு இரண்டுக்குக் கீழே கொண்டுவந்தால், மூன்றுக்கு மேற்பட்ட குலுக்கல்கள் உள்ளே நுழையும்போதே சுருங்கிவிடும். உடம்பு பயப்படுகிற நான்கும் ஐந்தும் ஆறும் அதில் அடக்கம். எடைத் திருகைச் சரியாக வைத்தால்தான் இத்தனையும் நடக்கும். லோடு இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும் வண்டிதான் அதிகம் தூக்கிப்போடும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரிந்ததே. முழு லோடைத் தாங்குவதற்குச் செய்த வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள், லோடு இல்லாதபோது வளையவே மறுக்கின்றன. வருமானம் இல்லாத திரும்புகாலில்தான் முதுகுக்குச் செலவு அதிகம்.

இப்போது துண்டுக்கு வருகிறேன். நயம் என்று ஒன்றைத் தனியே எடுத்துக் காட்டச் சொன்னால் நான் துண்டைத்தான் காட்டுவேன்.

எத்தனை விலையுயர்ந்த இருக்கையாக இருந்தாலும் நம் டிரைவருக்கும் முதுகுச் சாய்மானத்துக்கும் நடுவே சுருட்டிய ஒரு துண்டு இருக்கும். பார்ப்பவர்கள் வியர்வைக்கு என்று நினைப்பார்கள். படித்தவர்கள் இடுப்பு வளைவுக்குத் தாங்கல் என்பார்கள். இரண்டும் சரி. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதுதான் அழகு. இருக்கையின் உட்காரும் பலகைக்கு ஓர் ஆழம் உண்டு. அது தொடையின் நீளத்தை நினைத்துச் செய்தது, யாருடைய தொடை என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய உடம்பை அளந்து வரைந்த இருக்கைகளின் வழிவந்தவை நம் லாரிகளில் நிறைய. நம்மவர்களின் அளவுகள் வேறு என்பதை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்ட தேப்குமார் சக்ரவர்த்தியின் அளவைத் தொகுப்பு பக்கம் பக்கமாகச் சொல்கிறது. தொடை குட்டையாக இருப்பவர் முதுகு ஒட்ட உட்கார்ந்தால் பலகையின் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் வந்து அழுத்தும். அழுத்தாமல் இருக்க அவர் முன்னே நகர்வார், நகர்ந்தால் முதுகுக்குப் பின்னால் வெற்றிடம், அந்த வெற்றிடத்துக்குள் இடுப்பு மடங்கிச் சரியும். அங்கே ஒரு துண்டைச் செருகினால்? முதுகுத் தாங்கல் இரண்டு அங்குலம் முன்னால் வந்துவிட்டது. அதாவது பலகையின் ஆழம் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது. முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி கிடைத்துவிட்டது. எங்கோ அளந்து செய்த இருக்கையை ஐம்பது ரூபாய்த் துண்டால் தன் தொடைக்குத் தைத்துக்கொள்கிறார்.

எந்தத் துண்டு என்பதிலும் தேர்வு இருக்கிறது. டர்க்கி டவல் ஆகாது. அமுங்கி அமுங்கி எழும், சூடும் பிடிக்கும். பழகித் தேய்ந்த ஈரிழைத் துண்டுதான் வேண்டும். மடித்த மடிப்பு மடித்தபடி நிற்கும், வியர்வையைக் குடிக்கும், குழாயடியில் அலசினால் கைப்பிடிக் கம்பியில் கட்டிய அரை மணியில் காயும். வைக்கிற இடம் பெல்ட்டுக்கு மேலே நாலு விரல் அகலம். கொஞ்சம் கீழே இறங்கினால் இடுப்பெலும்பை முன்னே தள்ளும். மேலே ஏறினால் விலாவைக் குத்தி மூச்சைப் பிடிக்கும். கனமும் நாள் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. புறப்படும்போது நாலு மடிப்பு. நேரம் போகப்போக முதுகின் தசை தளர்ந்து அந்த நாலு மடிப்பு உறுத்த ஆரம்பிக்கும்போது, ஓட்டிக்கொண்டிருக்கும் போதே அல்ல, எங்காவது டீக்கு நிறுத்தும்போது, ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார். விலை கூடிய இருக்கைகளில் இதற்கென்று குட்டிக் காற்றுப் பைகளும் பொத்தான்களும் உண்டு. செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான். துண்டால் கூடுதலாக முகமும் துடைக்கலாம்.

பர்ஸைப் பற்றி ஒரு வரி. லைசென்ஸ், கேட் பாஸ், சில்லறை, சாமி படம் என்று உப்பிய பர்ஸ் பின்பாக்கெட்டில் இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், இருக்கையை எத்தனை திருகினாலும் அது நேராகாது. தெரிந்தவர்கள் ஏறியதும் அதை எடுத்து டேஷ்போர்டில் வைத்துவிடுகிறார்கள். மர மணி கோத்த சீட் விரிப்புக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. காற்றோட்டத்துக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் வழுக்கும். பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு முன்னே சறுக்கும். அதனால் மணி விரிப்புப் போட்டவர், உட்காரும் பலகையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். உயர்த்தியிருந்தால் அவர் இருக்கையைப் படித்தவர். இல்லையென்றால் கடையில் அழகாக இருந்தது என்று வாங்கியவர்.

சாய்மானத்தில் ஊர்ப் பழக்கமும் மருத்துவமும் மோதுகின்றன. நிமிர்ந்து உட்கார்வதுதான் நல்ல உட்காரல் என்று பள்ளிக்கூடத்திலேயே நம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களும் செங்குத்தாக உட்காரவைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜே. ஜே. கீகன் 1953-இல் பலவகை உட்காரல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தொடைக்கும் உடலுக்கும் உள்ள கோணம் செங்கோணத்தைவிட நன்றாக விரிந்தால்தான் இடுப்பு முதுகெலும்பு தன் இயல்பான வளைவுக்குத் திரும்புகிறது என்று கண்டார். 1960-களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாச்செம்சன் உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். தாங்கலின்றி நிமிர்ந்து உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிட அதிகம் என்று வந்தது. உலகம் முழுக்க அந்த வரைபடம் சுவர்களில் ஏறியது. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் மறுபடி அளந்தார்கள். அவர்களுக்கு உட்கார்வதும் நிற்பதும் ஏறக்குறைய சமம் என்று வந்தது, அதுவும் ஒரே ஒரு தன்னார்வலரின் முதுகில். இரண்டு அளவையும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு: முதுகைப் பின்னால் சாய்த்துத் தாங்கலில் ஒப்படைத்தால் அழுத்தம் குறைகிறது.

எவ்வளவு சாய்ப்பது? நூறு பாகைக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவே என்று பொதுவாகச் சொல்வார்கள். கோணமானியை வைத்துக்கொண்டு யார் ஓட்டுகிறார்கள்? டிரைவரின் அளவுகோல் கை. தோள்பட்டை சாய்மானத்தைவிட்டு எழாமல் கையை நீட்டினால் ஸ்டியரிங்கின் தூரத்து விளிம்பை உள்ளங்கை தொடவேண்டும். தோள் எழுந்தால் சாய்வு அதிகம், ஒரு பல் முன்னால் கொண்டுவா. முழங்கை விலாவில் இடித்தால் சாய்வு போதாது, ஒரு பல் பின்னால் விடு. அந்தப் பல் ஒன்றுக்கு இரண்டு பாகைபோல வரும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, முதுகுக்குத் தெரியும். இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்தில், இருபது துளை போட்டதில் தொடங்கி ஆயிரம் துளை போட்டது வரை பத்துப் பித்தளைச் சல்லடைகளை அடுக்கி முத்துகளைத் தரம் பிரிப்பார்கள். ஒரு சல்லடையில் தங்குகிற முத்துக்கும் அடுத்ததில் தங்குவதற்கும் உள்ள வேற்றுமை நம் கண்ணுக்கு எட்டாதது, விலைக்கு எட்டும். 1961-க்குப் பிறகு அந்தப் பெரிய முத்துக்குளிப்பு இங்கே நடக்கவில்லை. அந்தச் சலிப்பு வேலையின் நுட்பத்துக்கு இன்று இங்கே ஒரு வாரிசு உண்டென்றால், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய ஒரு முதுகைத்தான் சொல்வேன்.

இத்தனை திருகும் பல்லும் வந்ததே சமீபத்தில்தான். அதற்கு முன்னால் தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். அதை ஓட்டிக்கொண்டு வருபவர் கூரையும் கதவும் இல்லாத எலும்புக்கூட்டின் மேல், தற்காலிகமாகக் கட்டிய இருக்கையில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவார். இன்றும் அந்தக் காட்சி கண்ணில் படுவதுண்டு. நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பட்டறையில் பாடி கட்டுவார்கள். இருக்கை என்பது ஒரு மரப்பெட்டி, மேலே தேங்காய்நார் மெத்தை, அதற்கு மேல் ரெக்சின். உயரம் ஆசாரி முடிவு செய்தது. ஒருமுறை முடிவு செய்தால் வண்டி உள்ளவரை அதுதான். இடது தொடைக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி அடுப்பாகக் கொதிக்கும். சாக்கை மடித்துப் போட்டோ, தலையணையைச் செருகியோ, பலகையை அடித்தோ உயரத்தைச் சமாளித்தார்கள். இன்றைய துண்டு வித்தையின் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது. பிறகு ஓசூரில் ஹரிதா நிறுவனம் ஜெர்மனியின் கிராமரோடு கூட்டுச் சேர்ந்து டிரைவர் இருக்கைகள் செய்தது. 2009-இல் டாடா பிரைமாவும் 2012-இல் ஒரகடத்திலிருந்து பாரத்பென்ஸும் முழுக் கேபினோடு வந்தன. 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. குளிருக்குச் சட்டம் வந்ததில் சந்தோஷம்தான். எடைத் திருகு எது, உயரத் திருகு எது என்று வண்டியை ஒப்படைக்கும்போது டிரைவரை உட்காரவைத்து ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் மட்டும் பல இடங்களில் இன்னும் வந்தபாடில்லை. வண்டியை எடுக்க வருபவர் பெரும்பாலும் முதலாளி. உட்காரப் போகிறவர் வேறு ஆள்.

தூத்துக்குடிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் உப்பு விளைவது இந்தக் கரையில். முள்ளக்காட்டுப் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் பாத்தியும் அம்பாரமும்தான். அந்தக் காற்று இரும்பைச் சும்மா விடுமா? உப்பு லோடு அடிக்கிற வண்டி என்றால் கேபின் தரையிலேயே பொடி கிடக்கும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இருக்கையின் தண்டவாளத்தைத் தின்னும். முதலில் லெவர் இறுகும், பிறகு ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து இருக்கை கோணிக்கொள்ளும், கடைசியில் அப்படியே பிடித்துக்கொள்ளும். கிரீஸ் வைத்தால் மணல் ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம். டீசல் நனைத்த துணியால் துருவைத் துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, இருக்கையை முன்னும் பின்னும் பத்துத் தரம் தள்ளி இழுப்பார்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்கிறவரின் வண்டியில் இருக்கை ஒற்றை விரலுக்கு நகரும். செய்யாதவரின் வண்டியில் இருக்கை கடைசியாக யாருக்காக நின்றதோ அவருக்காகவே நின்றுவிடும். பழைய லாரி வாங்கப் போனால் இன்ஜினைக் கேட்பதற்கு முன்னால் அந்த இருக்கையில் ஒருதரம் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் ஓட்டியவர் நெட்டையா குட்டையா, ஒல்லியா கனத்தவரா, ஜன்னலில் முழங்கை வைக்கிற பழக்கம் உண்டா என்பதெல்லாம் துருவில் பதிந்திருக்கும்.

எவ்வளவு நேர்த்தியாகத் திருகினாலும் எந்த இருக்கையும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் நல்லதாக இருக்காது. 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்றது. சட்டம் சொல்லாவிட்டாலும் முதுகு சொல்லும். இறங்கிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வருகிறார்களே, அதில் டயரைப் பார்ப்பது பாதி, இடுப்பை விரிப்பது பாதி.

பெங்களூர், சென்னை என்று தூர ஓட்டத்துக்கு இரண்டு டிரைவர் போனால் இருக்கை ஒரு குடும்ப வழக்காகிவிடும். ஒருவர் நெட்டை, மற்றவர் குட்டை என்பது ஏனோ தவறாமல் நடக்கிறது. தண்டவாளத்தில் ஆளுக்கொரு நிறத்தில் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு வந்தால் இவருக்கு, மஞ்சள் வந்தால் அவருக்கு. சாய்மானத்துக்குப் பல்லை எண்ணிக்கொள்கிறார்கள். எடைத் திருகுதான் தகராறு. அந்தக் குட்டிக் கண்ணாடிச் சதுரம் முதல் வருஷத்திலேயே தூசியேறி மங்கிவிடுகிறது, எண் தெரிவதில்லை, சுற்றை எண்ணித்தான் வைக்கவேண்டும். மதுரைச் சாலை டீக்கடை ஒன்றின் முன்னால் கைமாறிய ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் அந்த டிரைவருக்கு முகம் மாறியது. கீழே நின்றவரைப் பார்த்துக் கத்தினார்: "ஏல, நாலு சுத்து எறக்குன்னு சொன்னேம்லா? அஞ்சுல்லா எறக்கிருக்க!" கீழே நின்றவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நாலுதாம்ணே எறக்குனேன், நீங்க நேத்து சாப்பிட்ட பரோட்டாவ எண்ணிப் பாருங்க" என்றார்.